தட்டினால் வரும் ஆமை

கடலாமை மீட்பு மையத்தில் அவளை எல்லோரும் கணவாய் அக்கா என்றே கூப்பிட்டார்கள். காலையில் வந்ததும் கூடைக் கணவாய் மீனைக் கழுவி, உள்ளே கண்ணாடிச் சீவல் போல இருக்கும் எலும்பை உருவி, தோலுரித்து, ஒவ்வொரு தொட்டி ஆமையின் வாய்க்கும் ஏற்றபடி நறுக்குவது அவள் வேலை. மருந்து சாப்பிட வேண்டிய ஆமைகளுக்கு முழுக் கணவாயின் வயிற்றுக்குள் மாத்திரையைத் திணித்து, மேலே ஒரு மீன் துண்டால் அடைத்துவிடுவாள். "எங்க வீட்டுக்காரருக்கும் இப்படி எதுக்குள்ளயாவது வச்சுக் குடுக்க முடிஞ்சா என் ஆயுசுல பாதி மிச்சம்," என்பாள். அவருக்கு ரத்தக்கொதிப்பு. மாத்திரையை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு, அதனோடு சமரசம் பேசுகிறவர் போல நெடுநேரம் உட்கார்ந்திருப்பார்.

கல்யாணமான புதிதில் இறால் உரிக்கும் கொட்டகைக்குப் போகத் தொடங்கியவள், மகளுக்குக் கல்யாணம் ஆகும்வரை அங்கேதான் இருந்தாள். கொட்டகையை மூடியபோது கூட வேலை பார்த்த பெண்களில் சிலர் துணிக்கடைக்குப் போனார்கள். "இறால் வாடை போகாத இந்தக் கையைத் துணிக்கடையில சேத்துக்குவாங்களா?" என்று கேட்டு, அவள் மீட்பு மையத்துக்குத் தரை கழுவ வந்தாள். வந்த கொஞ்ச நாளிலேயே கத்தி அவள் கைக்கு மாறிவிட்டது. பஸ்ஸில் அவள் பக்கத்து இருக்கை பெரும்பாலும் காலியாகத்தான் வரும். பையை வைக்க இடம் கிடைத்தது என்று அவள் அதில் பையை வைத்துக்கொள்வாள்.

மையம் இருந்தது பழைய ஐஸ் தொழிற்சாலைக் கட்டடத்தில். ஐஸ் கட்டிகள் வழுக்கி வந்த சாய்தளத்தில் இப்போது ஆமைகளை ஸ்ட்ரெச்சரில் ஏற்றினார்கள். உள்ளே வட்ட வட்டமாக நீல ஃபைபர் தொட்டிகள். ஒவ்வொன்றுக்கும் ஓர் எண். வலையில் சிக்கித் துடுப்பு அறுந்தவை, படகு இடித்து ஓடு பிளந்தவை, பிளாஸ்டிக்கை விழுங்கி மூழ்க முடியாமல் மிதப்பவை என்று ஆமைகள் வரும், தேறும், போகும். சில தேறாது. சுவரில் பெரிய எழுத்தில் மூன்று விதிகள் எழுதியிருந்தன: பேசாதே, தொடாதே, பெயர் வைக்காதே. ஆமை இங்கிருந்து திரும்பிப் போகும்போது மனிதனைக் கண்டால் பயந்து ஓட வேண்டும். அந்தப் பயம்தான் அதற்குக் கடலில் பாதுகாப்பு. அதனால் தொட்டியோரத்தில் ஒரு மறைப்புப் பலகை இருக்கும். அதன் பின்னால் நின்றபடி, தொட்டியின் அடிவரை போகும் குழாய் வழியாக இரையைப் போட வேண்டும். யார் போட்டார்கள் என்று ஆமைக்குத் தெரியக் கூடாது.

மூன்றாம் தொட்டிக்கு வந்த ஆமை ஆறிப்போன கஞ்சியைப் பார்க்கிற மாதிரி கணவாயைப் பார்த்தது. முன்துடுப்பில் நைலான் வலை எலும்புவரை இறங்கியிருந்தது. மையத்தின் டாக்டர் வலையை அறுத்தெடுத்துத் தையல் போட்டாள். காயம் ஆறியது. ஆனால் ஆமை வாயைத் திறக்கவில்லை. குழாயில் போட்டது அடியில் கிடந்து ஊறியது. வாயில் ரப்பர் குழாய் செருகி, அரைத்த மீனை ஊற்ற வேண்டியதாயிற்று. அதற்கு மூன்று பேர் பிடிக்க வேண்டும். முடிந்ததும் ஆமையும் ஆட்களும் ஒரே மாதிரி மூச்சு வாங்குவார்கள்.

"மாமியார் வீட்டுக்கு வந்த மாப்பிள்ளை மாதிரி முறுக்கிக்கிட்டு நிக்குது," என்றாள் அக்கா.

"பேர் வைக்காதீங்கக்கா. அதுவும் அது பொண்ணு. வால் எவ்வளவு குட்டையா இருக்கு பாருங்க," என்றாள் டாக்டர். அவளுக்கு அக்காவின் மகள் வயதுதான் இருக்கும்.

"பொண்ணா இருந்தா என்ன? நடத்தை மாப்பிள்ளை நடத்தை."

ஆமை இளைத்துக்கொண்டே போனது. கழுத்தின் இரு பக்கமும் குழி விழுந்தது. கடைசியில் டாக்டரே, "பலகையை எடுத்துட்டுக் கையால குடுத்துப் பாருங்க, வேற வழியில்ல," என்று சொன்னாள். அக்கா தொட்டியோரத்தில் மணை போட்டு உட்கார்ந்து, அங்கேயே கணவாயை நறுக்கி, துண்டை விரலில் பிடித்து அதன் அலகில் மெல்லத் தேய்த்தாள். நறுக்கி முடித்ததும் கத்தியில் ஒட்டிய வழவழப்பு போக, தொட்டி விளிம்பில் கத்திப் பிடியை இரண்டு தட்டுத் தட்டுவாள். இறால் கொட்டகையில் வந்த பழக்கம். டக், டக். பிறகு துண்டை நீட்டுவாள்.

ஒரு நாள் ஆமை அலகைத் திறந்தது. துண்டு போன வேகத்தில் விரலும் போயிருக்கும். அக்கா கையை இழுத்துக்கொண்டு, இரை தயாரிக்கும் சமையலறைக்கு ஓடி வந்து, "மாப்பிள்ளை சாப்பிட்டாச்சு," என்று சொன்னதை மையமே கேட்டது.

தப்பு அதற்குப் பிறகு நடந்தது. ஆமை சாப்பிடத் தொடங்கிய வாரமே பலகையைத் திரும்ப வைத்திருக்க வேண்டும். டாக்டருக்கு அப்போது வரிசையாக அறுவை சிகிச்சைகள், அவள் மறந்துபோனாள். அக்கா மறக்கவில்லை. ஆனால் டக், டக் என்றதும் தொட்டியின் அந்தக் கோடியிலிருந்து ஓர் உயிர் தண்ணீரைக் கிழித்துக்கொண்டு தன்னை நோக்கி வருவதை விட்டுவிட அவளுக்கு மனம் வரவில்லை. அவள் வீட்டில் சாப்பிடக் கூப்பிட்டால் யாரும் அந்த வேகத்தில் வந்ததில்லை. கணவர் குளிர்பதனப் பெட்டி ரிப்பேர் பார்க்கிறவர். திருகாணி ஒன்றைப் பல்லில் கடித்தபடி, "இதோ வரேன்," என்பார். அந்த இதோவுக்குள் குழம்பு ஆறிப்போகும்.

மையத்துச் சமையலறைக்குக் கதவு மாட்ட ஒரு தச்சர் வந்தபோது எல்லாம் வெளிப்பட்டது. அவர் கதவு நிலையில் ஆணி அடித்தார். டக், டக், டக். மூன்றாம் தொட்டியில் ஆமை மேலே வந்து, தலையைத் தூக்கி, வாயைத் திறந்து நின்றது. அடிப்பதை நிறுத்தியதும் கீழே போனது. மறுபடி அடித்ததும் மறுபடி வந்தது.

"என்னக்கா இது, நான் ஆணி அடிச்சா இது ஆஜர் குடுக்குது?" என்று தச்சர் சிரித்தார். வேடிக்கையாக இருக்கவே இன்னும் இரண்டு முறை வெறுமனே அடித்துப் பார்த்தார்.

டாக்டர் சிரிக்கவில்லை. அக்காவின் கையிலிருந்த கத்தியைப் பார்த்தாள், தொட்டி விளிம்பைப் பார்த்தாள். விளிம்பில் ஓரிடத்தில் மட்டும் நீலப் பூச்சு உதிர்ந்திருந்தது.

"எவ்வளவு நாளாக்கா?"

"அது சாப்பிட ஆரம்பிச்சதுல இருந்து."

"படகுல என்னவெல்லாம் சத்தம் வரும்னு உங்களுக்குத் தெரியாதா? துடுப்பு இடிக்கும், வாளி இடிக்கும், மீன் தலையைத் தட்டுவாங்க. ஒவ்வொண்ணுக்கும் இது வந்து வாயைத் திறந்துக்கிட்டு நிக்கும். நேரா சுத்தற எஞ்சின் இலைக்குள்ள போயிடும்."

அக்கா பூச்சு உதிர்ந்த இடத்தை விரலால் தடவினாள். டாக்டரே கொஞ்சம் இறங்கி வந்தாள். "என் தப்பும்தான். பலகையைத் திரும்ப வைக்கச் சொல்லியிருக்கணும்."

நிலைமை இதுதான். பருவம் மாறிக் கடல் கொந்தளிக்கத் தொடங்குவதற்குள் தேறிய ஆமைகளை விட்டுவிட வேண்டும். மனிதப் பழக்கம் போகாத ஆமையை விடுவதற்கு வனத்துறை அதிகாரி அனுமதி தர மாட்டார். அது நகரத்து மீன் காட்சியகத்துக்குப் போகும். அக்கா மகளோடு ஒரு முறை அங்கே போயிருக்கிறாள். பெரிய கண்ணாடித் தொட்டி. போகிற வருகிற பிள்ளைகள் எல்லாம் விரலை மடக்கிக் கண்ணாடியைத் தட்டிக்கொண்டே இருந்தார்கள். மூன்றாம் தொட்டி ஆமை அங்கே போனால், சாகும்வரை ஒவ்வொரு தட்டுக்கும் ஓடி வந்து ஏமாந்து திரும்பும்.

"பழக்கினது நான். நானே கெடுக்கிறேன்," என்றாள்.

கெடுப்பது எப்படி என்று டாக்டர் சொல்லிக் கொடுத்தாள். தட்ட வேண்டும், ஆமை வந்ததும் இரைக்குப் பதில் ரப்பர் குழாயால் முகத்தில் தண்ணீரைப் பீய்ச்ச வேண்டும். இரை பலகைக்குப் பின்னாலிருந்து, ஒவ்வொரு நாளும் வேறு வேறு வேளையில், சத்தமில்லாமல் போக வேண்டும்.

முதல் நாள் அவள் தட்டினாள். ஆமை பாய்ந்து வந்தது. தண்ணீரைப் பீய்ச்சினாள். அது கண்ணை மூடிக்கொண்டது, வாயை மூடவில்லை. இதுவும் ஏதோ சாப்பாட்டு வகை என்று நினைத்ததோ என்னவோ. மறுபடி தட்டச் சொன்னாள் டாக்டர். மறுபடி வந்தது. மறுபடி பீய்ச்சினாள். அன்று பஸ்ஸில் பையை மடியிலேயே வைத்துக்கொண்டு போனாள்.

வீட்டில் கணவர் தட்டில் கேட்காமலே சோறு விழுந்தது. கையை மறைத்தார், விரலிடுக்கு வழியாக விழுந்தது.

"போதும். எனக்கென்ன ஓடா இருக்கு, வயிறு தாங்க?"

"சாப்பிடுங்க. அங்க ஒண்ணு சாப்பிடக் குடுத்து வைக்காம கெடக்கு."

"அதுக்குப் போடறதையும் சேத்து எனக்குப் போட்டா எப்படி? அப்புறம் டாக்டரம்மா என்னையும் ஸ்ட்ரெச்சர்ல ஏத்தணும்."

அவள் தன் தட்டை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தாள். "தட்டறேன், ஓடி வருது. மூஞ்சில அடிக்கறேன். திரும்பத் தட்டறேன், திரும்பவும் ஓடி வருது. என்ன ஜென்மம்ங்க அது?"

அவர் கொஞ்ச நேரம் சாப்பிட்டார். "ஃப்ரிட்ஜ்ல சில சமயம் கேஸை முழுசா வெளியேத்தினாத்தான் புதுசா ஏத்த முடியும். பாதி பழசு, பாதி புதுசுன்னு இருந்தா ஓடாது," என்றார். அவருக்குத் தெரிந்த ஆறுதல் அவ்வளவுதான். பிறகு யாரும் சொல்லாமலே எழுந்து போய் மாத்திரையை விழுங்கிவிட்டு வந்தார்.

ஆமை தட்டலுக்கு வருவது மெல்ல மெல்லத் தயங்கியது. பாதி வழியில் நிற்கும், பிறகு வரும். அது நல்ல அறிகுறி என்றாள் டாக்டர். ஆனால் கூடவே அது சாப்பிடுவதையும் நிறுத்திவிட்டது. குழாயில் போட்ட கணவாய் முன்போலவே அடியில் கிடந்து ஊறியது. கழுத்தில் பழையபடி குழி விழத் தொடங்கியது. ஒரு மதியம் டாக்டர் வந்தபோது அக்கா பலகையை விலக்கிவிட்டு, கையில் ஒரு துண்டோடு தொட்டியோரம் நின்றிருந்தாள். கை இன்னும் தண்ணீருக்குள் போகவில்லை.

"குடுத்தீங்கன்னா இத்தனை நாள் பட்ட பாடு வீண்," என்றாள் டாக்டர்.

"குடுக்கலன்னா செத்துடும்."

"நாளைக்கு ஒரு நாள் பாப்போம். உயிரோட நண்டு வாங்கிட்டு வாங்க. ஓடறதைப் பார்த்தா அதுக்கே வேட்டை ஞாபகம் வருதான்னு பாக்கலாம்."

மறுநாள் அவள் ஈரச் சாக்கில் நண்டு கொண்டுவந்தாள். பஸ்ஸில் பக்கத்து இருக்கை மட்டுமல்ல, முன்னும் பின்னும் காலியாக இருந்தது. நண்டுகளைக் குழாய் வழியாக இறக்கிவிட்டு, பலகையில் தச்சர் போட்டுக்கொடுத்த சின்னத் துளையில் கண்ணை வைத்தாள். டாக்டர் அவள் தோளை இடித்து, "எனக்கும் கொஞ்சம் இடம் விடுங்க," என்றாள்.

நண்டுகள் தொட்டியின் அடியில் குறுக்கே ஓடின. ஆமை அசையவில்லை. ஒரு நண்டு அதன் துடுப்பின் மேலேயே ஏறி இறங்கியது. அக்கா பல்லைக் கடித்துக்கொண்டு, "கண்ணு தெரியலயாடி உனக்கு," என்று முணுமுணுத்தாள். டாக்டர் உதட்டில் விரல் வைத்தாள். நண்டு சுவரோரமாகப் போய்க்கொண்டிருந்தபோது ஆமை திடீரென்று தலையைச் சாய்த்துப் பாய்ந்தது. நண்டின் ஓடு நொறுங்கும் சத்தம் பலகைவரை கேட்டது. அக்கா கண்ணை எடுக்காமலே கையைப் பின்னால் நீட்டி டாக்டரின் கையைப் பிடித்துக்கொண்டாள். பிறகு மற்ற நண்டுகளும் ஒவ்வொன்றாகப் போயின.

அதிகாரி வந்தது கடல் மாறுவதற்குச் சற்று முன்பு. அமைதியான மனிதர், காலணியைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு உள்ளே வந்தார். முதலில் அவரே தட்டினார். ஆமை தொட்டியின் எதிர்ப்பக்கத்தில் ஒடுங்கியது. தச்சரை வரவழைத்திருந்தார்கள், அவர் சுத்தியலால் தட்டினார். "இன்னிக்கு ஆஜர் இல்ல சார்," என்றார் தச்சர். அதிகாரி லேசாகச் சிரித்தார்.

"யார் கையில சாப்பிட்டுச்சு?"

அக்கா முன்னால் வந்தாள். கத்தியை எடுத்து, பூச்சு உதிர்ந்த அதே இடத்தில் தட்டினாள். ஆனால் கை அவள் சொன்னதைக் கேட்கவில்லை. பிடி விளிம்பில் படுவதற்கு முன்பே வேகம் தளர்ந்துவிட்டது. கேட்டும் கேட்காததுமாக இரண்டு சத்தம். ஆமை இருந்த இடத்திலேயே இருந்தது. அதிகாரி தலையசைத்துவிட்டு, விடுவிக்கலாம் என்றார்.

ஆமையை விடும் நாளில், படகுத்துறைக்குப் போகும் வண்டியில் அவள் டாக்டரிடம் சொன்னாள். "அன்னிக்கு நான் சரியாத் தட்டல."

"தெரியும்."

"தெரிஞ்சுமா சும்மா இருந்தீங்க?"

"நீங்களும் சும்மாத்தானே இருந்தீங்க?" டாக்டர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். "எனக்கும் அதைக் காட்சியகத்துக்கு அனுப்ப இஷ்டமில்ல."

இருவருக்கும் நடுவில், ஈரத் துணி போர்த்திய ஆமை ஒரு பெருமூச்சு விட்டது. மீன் வாடை வண்டி முழுக்கப் பரவியது. கொஞ்ச தூரம் போனதும் அக்கா சொன்னாள்: "படகுல வச்சுத் தட்டிப் பாக்கறேன். வந்துச்சுன்னா திரும்பத் தூக்கிட்டு வந்துடலாம். எஞ்சினுக்குள்ள போறதுக்கு அந்தக் கண்ணாடித் தொட்டியே தேவல."

"தூக்கிட்டு வர மனசு வருமா?"

"வராது. அதுக்குத்தான் இப்பவே உங்ககிட்ட சொல்லி வைக்கறேன்."

டாக்டர் கம்பு வைத்த கைவலையை எடுத்துப் பக்கத்தில் வைத்துக்கொண்டாள்.

படகுக்காரர் வயதானவர். ஆமை வேலைக்கு எப்போதும் அவர் படகுதான். கரை ஒரு கோடாகத் தெரிகிற தூரத்தில் எஞ்சினை நிறுத்தினார். நீரை இறைக்கும் தகர டப்பா பலகையில் இடித்துக்கொண்டிருந்தது. அக்கா பாய்ந்து அதைப் பிடித்தாள்.

"டப்பாவைப் பிடிச்சிட்டீங்க, சரி," என்றார் படகுக்காரர். "கடல்ல இருக்கற மத்தப் படகையெல்லாம் யாரும்மா போய்ப் பிடிக்கறது?"

அவள் டப்பாவைக் கீழே வைத்துவிட்டாள்.

ஆமையை இருவருமாகத் தூக்கித் தண்ணீரில் இறக்கினார்கள். அது ஒரு கணம் படகை ஒட்டியே மிதந்தது. தையல் போட்ட துடுப்பை ஒருமுறை வீசிப் பார்த்தது. பிறகு இரு துடுப்புகளையும் வீசி இறங்கியது. பச்சைத் தண்ணீரில் அதன் ஓடு மங்கிக்கொண்டே போயிற்று. காத்திருந்தார்கள். கூப்பிட்டால் கேட்கும் தூரத்தில் தலை மேலே வந்தது. மூச்சு வாங்குவது தெரிந்தது.

அக்கா பையிலிருந்து கத்தியை எடுத்தாள். முட்டி போட்டு, படகின் விளிம்பில் பிடியால் தட்டினாள். டக், டக். தினம் தட்டியது போலவே, பலகை அதிரும்படி. டாக்டரின் கை வலைக் கம்பில் இறுகியது. தலை அங்கேயே நின்றது. இந்தப் பக்கம் திரும்பியதா இல்லையா என்று அலையில் சரியாகத் தெரியவில்லை. அவள் மறுபடி தட்டினாள், இன்னும் ஓங்கி. கை வலித்தது.

தலை தண்ணீருக்குள் போனது. படகின் அடியைப் பார்த்தார்கள், இந்தப் பக்கம் பார்த்தார்கள், அந்தப் பக்கம் பார்த்தார்கள். வெகுநேரம் கழித்து, எதிர்பார்க்காத ஒரு திசையில், முன்னிலும் தொலைவில், ஒரு புள்ளியாக மேலே வந்தது. அவள் தட்டினாள். புள்ளி படகுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு போய்க்கொண்டே இருந்தது.

"என்னம்மா," என்றார் படகுக்காரர், "இத்தனை தட்டுத் தட்டறீங்க, கதவைத் திறக்கக் காணோமே?"

அக்கா கத்தியைத் துணியில் சுற்றிப் பையில் வைத்தாள். முகத்தை முந்தானையால் துடைத்துக்கொண்டாள். எல்லோர் முகத்திலும்தான் உப்புத் தண்ணீர் தெறித்திருந்தது.

"ஆள் வீட்ல இல்ல போல. நீங்க எஞ்சினைப் போடுங்க," என்றாள்.